சாப்பாட்டுக் கூடத்துக்குக் கீழே ஒரு ஜன்னல்

புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. புகார் செய்ததால் அந்த வேலை போனது. நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், காரணத்தை அடுத்த பத்தியில் வைத்துக்கொள்ளலாம் என்று மதுரையில் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

காரணம் ஒரு ஜன்னல்.

நாளிதழ் தன் பக்கங்களைக் குறைத்தபோது எங்கள் செய்தி மேசையில் என்னையும் சேர்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவருக்கு அப்போதே கொடைக்கானலில் பள்ளி வேலை. நானும் மலையேறினேன். பூம்பாறை போகும் சாலையில், சரிவில் கட்டிய ஒரு விடுதியில் எனக்கு வேலை கிடைத்தது. பதவிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. செய்ய வேண்டியது சுருக்கமானது. தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதும் குறைகளுக்கு உடனே பணிவாகப் பதில் எழுத வேண்டும். அந்தக் குறையை உரிய ஆளிடம் சொல்லித் தீர்க்க வேண்டும்.

பனிமூட்டத்தால் பள்ளத்தாக்கு தெரியவில்லை என்று ஒருவர் எழுதினார். காட்டுமாடு அறை வாசலில் சாணி போட்டுவிட்டது என்று இன்னொருவர். காட்டுமாடு வரும் என்று சொல்லித்தான் அறை கொடுத்தீர்கள், ஒன்றுகூட வரவில்லை என்று வேறொருவர். எல்லோருக்கும், ‘தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு உளமார வருந்துகிறோம்’ என்று தொடங்கி எழுதினேன். அந்த வாக்கியம் என்னுடையது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ‘அசௌகரியத்துக்கு மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தார். ரயில் நிலைய அறிவிப்பு போலிருக்கிறதே என்று மாற்றினேன். மேனேஜருக்கு என் வாக்கியம் பிடித்துப்போனது.

“இதையே எல்லாத்துக்கும் போட்டுருங்க மேடம்” என்றார்.

விருந்தினர் சொன்ன குறைகள் அங்கே உண்மையாகவே தீர்க்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். குளியலறையில் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று காலையில் ஒருவர் எழுதினால் மதியத்துக்குள் புதுக் கொக்கி வந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து, இது புகாரை மதிக்கிற இடம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

அறைகளைப் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் பேத்துப்பாறை, பண்ணைக்காடு பக்கத்தவர்கள். விடிந்தும் விடியாமலும் வெந்நீர் கேட்டு மணி அடிக்கத் தொடங்கும் என்பதால் தினமும் பஸ்ஸில் வந்து போவது ஆகாது. விடுதியிலேயே தங்கி, முறை வைத்து ஊருக்குப் போய் வருவார்கள். அவர்களில் மூத்தவரைப் பேத்துப்பாறை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காதை மூடிய கம்பளிக் குல்லா. அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை அக்கா என்பேன். இளையவள் பண்ணைக்காட்டுக்காரி, புதிதாகக் கல்யாணம் ஆனவள்.

குளிர் ஏறத் தொடங்கியதும், காலையில் அவர்கள் வேலைக்கு வரும்போது நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருப்பதைக் கவனித்தேன். ஒருத்தி இரண்டு பேர் அல்ல, எல்லோரும்.

“என்னக்கா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலியா?”

“பனி மேடம். நீங்க கீழ இருந்து வந்த ஆளு, ஒங்களுக்கு இதெல்லாம் புதுசு. ஒரு வரக்காப்பி உள்ள போனா ஓடிரும்.”

வரக்காப்பி உள்ளே போனதும் தலைவலி போவதையும் பார்த்தேன். காப்பியை அவர்கள் வெளியே, முற்றத்தில் நின்று குடித்தார்கள் என்பதைப் பார்த்தும் அதற்குப் பொருள் எனக்கு விளங்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை, பண்ணைக்காட்டுப் பெண் தேநீர்த் தட்டோடு ஒரு விருந்தினர் அறை வாசலில் விழுந்தாள். கோப்பைகள் உடைந்தன. நான் ஓடிப் போனபோது சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளிறவில்லை, சிவந்திருந்தது. வாந்தி எடுத்தாள்.

“ஏ புள்ள, விசேஷமாடி?” என்று பேத்துப்பாறை அக்கா அவள் முதுகைத் தடவினார். “சொல்லாமக் கொள்ளாம வச்சிருந்தியாக்கும்!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்றா, வலிக்கிறது என்றா என்று தெரியவில்லை. மேனேஜர் வந்தார்.

“கெஸ்ட் பாத்துட்டாங்களா?” என்று கேட்டார்.

விடுதி ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நானும் அக்காவும். டாக்டர் என் வயதுப் பெண். விசேஷம் எதுவும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, ராத்திரி எங்கே படுத்தாய், அறையில் நெருப்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா பதில் சொன்னார்.

“கங்குதான் டாக்டரம்மா. அடுப்பெல்லாம் இல்ல. புகையே வராது.”

“புகை வந்தாத்தான் இருமிக்கிட்டு எந்திரிச்சு ஓடிருவீங்களே. அது வராததுதான் ஆளக் கொல்லும்” என்றார் டாக்டர். பிராணவாயு வைத்து அவளை மதியம்வரை படுக்க வைத்தார்கள்.

எனக்கு அந்தச் செய்தி தெரியும். குளிர்காலம்தோறும் எங்கள் மேசைக்கு மலையூர் எதிலிருந்தாவது வந்துவிடும். மூடிய அறை, அணையாத கரி, காலையில் கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி. ‘புகை சூழ்ந்து மூச்சுத் திணறி’ என்று தேய்ந்துபோன ஒரு தொடர் அதற்கென்றே இருந்தது. புகை சூழ்வதே இல்லை. எந்த வாசனையும் இல்லாத ஒன்று தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். அந்த ஒற்றைப் பத்தி நான் வேலை செய்கிற கட்டடத்திலேயே எழுதப்படாமல் காத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் அவர்கள் அறையை முதல் தடவையாகப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கீழே, சரிவைக் குடைந்து கட்டிய அறை. மூன்று சுவர்களுக்கு அப்பால் வெறும் மண். நாலாவது சுவரில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலின் வெளிப்பக்கம் முழுக்கப் பலகை அறைந்து பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். நடுவில் பாய்கள். பாய்களுக்கு நடுவில், சித்தாள்கள் சிமென்ட் சுமக்கும் இரும்புச் சட்டி. அதில் முந்தின இரவின் சாம்பல்.

ஏற்பாடு இதுதான். சாயங்காலம் புல்வெளியில் விருந்தினருக்குச் சீகை மர விறகில் நெருப்பு மூட்டுவார்கள். அவர்கள் குளிர் காய்ந்து, பாட்டுப் பாடி, சாப்பிடப் போனதும் மிஞ்சுகிற கங்கு பெண்களுக்கு. தோட்டக்காரர் அதைச் சட்டியில் அள்ளி, சீக்கிரம் அணைந்துவிடாமல் மேலே சாம்பல் தூவி, கீழே கொண்டுபோய் வைப்பார். விடுதி திறந்த நாளிலிருந்து வழக்கம். ஹீட்டர் விருந்தினர் அறைகளுக்கு மட்டும். நிர்வாகத்துக்குச் செலவில்லை, பெண்களுக்குக் குளிரில்லை. எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு.

“இந்த ஜன்னல ஏன்க்கா அடைச்சாங்க?”

“முன்னாடி தொறந்துதான் கெடந்துச்சு மேடம். பாவாட, துண்டெல்லாம் அந்தக் கம்பியிலதான் காயப் போடுவோம். எவனோ கெஸ்ட்டு போட்டோ எடுத்தானாம். மலையோட சேந்து எங்க பாவாடையும் அதுல விழுந்துருச்சாம். பெரிய புகாரு. மறுநாளே பலகை!”

“மலையவிட பாவாட நல்லாருந்துருக்கும்க்கா, அதான் வயித்தெரிச்சல்” என்றாள் பண்ணைக்காட்டுப் பெண், படுத்தபடியே. சிரித்ததில் மறுபடி தலைவலி வந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவையாவது கொஞ்சம் திறந்து வைத்துப் படுக்கலாமே என்றேன்.

“காட்டுமாடு வருதுல்ல? சாத்துன கதவையே மூக்கால தள்ளிப் பாக்கும். கொம்பு மொளச்ச மாப்பிள்ளைய உள்ள விடச் சொல்றீங்களா?” என்றார் அக்கா.

மேனேஜரிடம் போனேன். திண்டுக்கல்லில் குடும்பத்தை வைத்துவிட்டு மலைமேல் தனியாக இருப்பவர். கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. அந்தப் பலகையை எடுத்தால் போதும், ஒரு ஹீட்டர் வைத்தால் கங்கே தேவைப்படாது என்று சொன்னேன்.

“அது ஓனர் வந்து நின்னு அடிச்ச பலகை மேடம். நான் கைய வைக்க முடியாது. நீங்க ஒரு மெயில் போடுங்க, மேல அனுப்புறேன்.”

எழுதினேன். நடந்தது, டாக்டர் சொன்னது, செய்ய வேண்டியவை இரண்டு. ஓர் உரிச்சொல்கூட இல்லாத கடிதம் அது. அனுப்புவதற்கு முன் மேனேஜர் படித்துப் பார்த்தார்.

“‘புகார்’ங்கிற வார்த்தைய எடுத்துட்டு ‘ஆலோசனை’ன்னு போடுங்களேன். பாக்கக் கொஞ்சம் நல்லாருக்கும்.”

“புகார்தானே சார் இது.”

“ஒங்க இஷ்டம்” என்றார்.

விருந்தினர் புகாரைப் போலவே இதற்கும் உடனே நடவடிக்கை வந்தது. அறைக் கதவில், பிளாஸ்டிக் உறைபோட்ட அறிவிப்பு: பணியாளர் அறைக்குள் நெருப்போ கங்கோ கொண்டுசெல்லக் கூடாது; மீறினால் வேலை நீக்கம். பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஹீட்டரைப் பற்றியும் இல்லை. நான் கொடுத்த செய்திக்கு வேறு ஆள் தலைப்புப் போட்டு, பாதியை வெட்டி அச்சிட்டது போலிருந்தது. பத்திரிகையில் அப்படி நடந்தால் மறுநாள் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை போடலாம்.

அந்த வாரம் உறைபனி விழுந்தது. புல்வெளி காலையில் உப்பு தூவியதுபோல் கிடந்தது. விருந்தினர்கள் அதைப் படமெடுத்து மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். துணி அடுக்கும் அறைக்கு நான் போனபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“வாங்க கலெக்டரம்மா” என்றார் பேத்துப்பாறை அக்கா.

“அக்கா, நான்...”

“மூணு கம்பளியும் பத்தல. வெறகு அடுக்குன மாதிரி ஒருத்தி மேல ஒருத்தி கெடந்தோம். நீங்க வீட்ல ஹீட்டர் போட்டுத்தான படுத்தீங்க?”

போட்டுத்தான் படுத்தேன்.

“நான் கேட்டது ஜன்னலும் ஹீட்டரும்க்கா. கங்க நிறுத்தச் சொல்லல.”

“நீங்க கேட்டது யாருக்குத் தெரியும்? வந்தது இதான். எங்களுக்குத் தெரியாத நெருப்பா? பொறந்ததுல இருந்து இதுல குளிர் காயுறோம்.”

ஊர் வீடுகளில் காலங்காலமாகக் கங்கு வைத்துத்தான் படுக்கிறார்கள் என்பது உண்மை. அங்கே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று தாராளமாகப் போய்வரும். இது கான்கிரீட் பெட்டி. அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொன்னேன். குளிரில் விறைத்த ஒருவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் விளக்கம் இருக்க முடியாது. அக்கா தலையணை உறை ஒன்றை உதறினார், என் முகத்துக்கு நேராக.

இரண்டாவது கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதை ஓனருக்கே நேராக அனுப்பினேன். இனியும் பதில் வராவிட்டால் அரசு அலுவலகத்துக்கு எழுத நேரும் என்று கடைசி வரியில் சேர்த்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

“மேடம், ஒங்க சோலி கெஸ்ட்டுக்குப் பதில் எழுதுறது. நம்மளப் பத்தி நமக்கே புகார் எழுதுனா எப்படி?”

“கெஸ்ட் எழுதுனா மறுநாளே சரி பண்றோமே சார்.”

“கெஸ்ட் நம்மளத் தேடி வர்றவங்க. நீங்க நம்ம ஆளு. நம்ம ஆளு நமக்காக எழுதணும்.”

விசாரணை வீடியோவில் நடந்தது. சென்னையில் இருந்து மனிதவளப் பிரிவுப் பெண் பேசினார். இனிமையான குரல், ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் என் பெயரைச் சொன்னார். மலையில் மேகம் இறங்கியிருந்ததால் படம் அடிக்கடி உறைந்துபோனது. நான் உண்மைக்குப் புறம்பான தகவல்களை எழுதி, பணியாளர்களிடையே பீதி கிளப்பி, நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுக்க முயன்றதாகக் குற்றச்சாட்டு. ஆதாரமாக மேனேஜர் ஒரு தாளைப் படித்தார். ‘எங்கள் அறைக்குள் நெருப்பு வைக்கும் பழக்கம் எப்போதும் இருந்ததில்லை. அறை எங்களுக்கு வசதியாகவும் காற்றோட்டமாகவும் உள்ளது.’ கீழே எல்லாப் பெண்களின் கையெழுத்தும் இருந்தது. முதல் கையெழுத்து பேத்துப்பாறை அக்காவுடையது. இரண்டாவது, விழுந்த பெண்ணுடையது.

“அந்தப் பழக்கமே இல்லன்னா, அதைத் தடை செஞ்சு கதவுல எதுக்கு அறிவிப்பு ஒட்டுனீங்க?” என்று கேட்டேன்.

திரையில் அந்தப் பெண் அசையவில்லை. இணைப்பு உறைந்ததா, அவர்தான் உறைந்தாரா என்று தெரியவில்லை. அசைந்தபோது, “நீங்க கொஞ்சம் எமோஷனலா இருக்கீங்க” என்றார்.

நான் எமோஷனலாக இல்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மதியத்துக்குப் பிறகு நீக்க உத்தரவு மெயிலில் வந்தது. என் அணுகுமுறை குழுவுக்கு ஒத்துவரவில்லை, இன்றே கடைசி நாள். மேனேஜர்தான் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் அது இப்படித் தொடங்கியது: ‘தங்களுக்கு ஏற்படும் மனவருத்தத்துக்கு உளமார வருந்துகிறோம்.’

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்காக வாசலில் நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் குழந்தைகளோடு வந்த கூட்டம். நெருப்பை வெள்ளனே மூட்டி, வெள்ளனே சாப்பிடப் போய்விட்டார்கள். தோட்டக்காரர் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவது தெரிந்தது. கங்கின் சிவப்பு அவர் தாடையில் அடித்தது. அவருக்கு முன்னால் பேத்துப்பாறை அக்கா, வழியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே போனார். அறைக் கதவில் அறிவிப்பைக் காணோம். நாலு மூலைக்கும் ஒட்டிய டேப் மட்டும் மிச்சமிருந்தது.

கங்கே கிடையாது என்று கையெழுத்துப் போட்டதற்கு அவர்களுக்குக் கிடைத்தது கங்கு. இந்த வாக்கியத்தை மேசையில் யாராவது என்னிடம் கொடுத்திருந்தால், குழப்பமாக இருக்கிறது, சரிபார் என்று திருப்பியிருப்பேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருக்கவில்லை.

“வெரசாப் போங்க மேடம், இத விட்டா அடுத்த பஸ்ஸு எப்பன்னு சொல்ல முடியாது” என்றார்.

அவர்கள் மேல் கோபம் வரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குப் போய், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்து கோபப்பட்டேன். மறுநாளும் கோபம் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் கேட்கத் தோன்றியது, இன்றைக்கு அவர்கள் எல்லோரும் எழுந்தார்களா என்பதுதான். கேட்க எனக்கு ஆளில்லை. மதுரைப் பதிப்பின் இணையப் பக்கத்தைத் திறந்து, கொடைக்கானல் என்று போட்டுத் தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை. தினமும் அப்படித் தேடுவது பழக்கமாகிவிட்டது.

மலையிறங்கி ஓர் அரசு அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒங்க வேல போனதுக்கு வந்தீங்களா, அந்த ரூமுக்கு வந்தீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“நடந்தது ஒண்ணா இருக்கலாம்மா. மனு ரெண்டு.” ரூம் விஷயத்துக்கு அங்கே தங்கியிருப்பவர்களில் ஒருவராவது சொல்ல வேண்டும் என்றார். “ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, மத்தத நான் பாக்குறேன்.”

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த ஒருத்தர்தான் எனக்கு இல்லை. என் வேலை குறித்த மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்னும் எங்கோ இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேத்துப்பாறை அக்காவைப் பார்த்தேன். பூம்பாறைப் பூண்டு விற்கிறவரிடம், பூண்டை நசுக்கி முகர்ந்து, “வாசமே இல்ல, மருந்துக் கடைப் பூண்டா இது?” என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் விலகிப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

“மேடம்! பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறீங்க?”

நின்றேன். பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கிட்டே வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ஒடம்பு சரியில்லையாக்கா?”

“தூக்கம் இல்ல. அந்தப் புள்ள மறுபடி ஒரு நாள் வாந்தி எடுத்தா. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. அதான் காவல் போட்டுட்டோம்.”

“என்ன காவல்?”

“பன்னிக் காவல் மாதிரிதான். காட்டுல பன்னி எறங்குதுன்னா முறை வச்சு முழிச்சிருப்போம்ல? அது மாதிரி ராத்திரி ஒருத்தி மாத்தி ஒருத்தி முழிச்சிருக்கோம். யாராச்சும் ஒரு மாதிரி மூச்சு விட்டா தட்டி எழுப்பிருவோம். நீங்க சொன்னதுக்காகத்தான்னு வச்சுக்கங்க.”

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சந்தையின் நடுவில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அக்கா, முழிச்சிருக்கறவளும் அந்த ரூமுக்குள்ளதான இருக்கா? அதே காத்தத்தான அவளும் இழுக்குறா? காவல்காரிதான் மொதல்ல தூங்குவா.”

அக்கா அதை யோசிக்கிறார் என்பது, பூண்டுப் பையை அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததில் தெரிந்தது.

“போன வாரம் எம் முறையில நான் அசந்துதான் போனேன்” என்றார், மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. “அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? கங்கு இல்லாம வெறச்சுச் சாகவா?”

“அந்தப் பலகையப் பேக்கணும்க்கா. நீங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், அந்த ஆபீஸ்ல...”

“சொல்லிட்டு? ஒங்கள மாதிரி சந்தையில நிக்கவா?” என்றார். பிறகு என் கையைத் தொட்டார். “கெஸ்ட்டு சொல்லி அடிச்ச பலகை மேடம். கெஸ்ட்டு சொன்னாத்தான் பேப்பாங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, கெஸ்ட்டு மாதிரி ஒண்ணு எழுதுங்க.”

“நான் அங்க கெஸ்ட்டா தங்கலையே. தங்காம எழுதுனா அது பொய்க்கா.”

“நாங்க கையெழுத்துப் போட்டது மட்டும் என்னவாம்?”

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த சில நாட்கள் காலையிலும் இரவிலும் இணையத்தில் தேடினேன்.

பொங்கல் விடுமுறையில் என் பழைய அலுவலகத்துப் புகைப்படக்காரர் குடும்பத்தோடு வந்தார். எங்கே தங்கலாம் என்று கேட்டார். அந்த விடுதியைச் சொன்னேன். உனக்கு வெட்கமே இல்லையா என்றார். சாப்பாடு நன்றாயிருக்கும் என்றேன். எனக்காக ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன்: புல்வெளியில் நின்று சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள், கண்ணில் எது உறுத்துகிறதோ அதைப் படமெடுத்து இணையத்தில் எழுதுங்கள். எது என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடமாகக் காட்சிகளை மட்டுமே பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுதியது சின்னக் குறிப்பு. அறை சுத்தம், சாப்பாடு அருமை, காட்டுமாடு பார்த்தோம். ஆனால் கூடத்துக்குக் கீழே, கல் சுவரில் ஒரு பச்சைப் பலகை காட்சியைக் கெடுக்கிறது. பழைய ஜன்னலை அப்படியே விட்டிருந்தால் அழகாக இருக்கும். கூடவே படம். வாசல் விளக்கில் பச்சைப் பெயின்ட் பளபளத்தது.

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்திருந்தது. முதல் வரி என் வாக்கியம். என் மூன்று கடிதங்களிலும் உயிர் என்ற சொல் இருந்தது. அவர் குறிப்பில் இல்லை. அதில் காட்சி என்ற சொல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம், சந்தையில் நான் கொடுத்திருந்த நம்பருக்கு அக்கா போன் செய்தார்.

“மேடம், பலகையப் பேத்துட்டாங்க! ஓனரே போன்ல சொன்னாராம். மத்தியானம் ஆசாரி வந்து, ஆணியெல்லாம் புடுங்கி, கம்பிக்குப் புதுசா கறுப்பு பெயின்ட்டு. துணி மட்டும் காயப் போடக் கூடாதாம், அதுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிருக்கு.”

“ஜன்னலத் தொறந்து வச்சுத்தானக்கா படுக்குறீங்க? தயவுசெஞ்சு சாத்திராதீங்க.”

“சாத்தல, சாத்தல. நாலு வெரல் விட்டு வச்சிருக்கு. கம்பி இருக்கு, மாப்பிள்ள உள்ள வர முடியாது.” பின்னால் பண்ணைக்காட்டுப் பெண் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிப்பது கேட்டது. “ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். பனி நேரா வந்து பாயில உக்காருது. கங்கு வச்சும் வெடவெடங்குது. எல்லாம் ஒங்களாலதான்.”

அவர்கள் உயிரோடு இருந்து என்னைத் திட்டுகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம். அதற்கு மேல் எரிச்சல்தான் இருந்தது. ஒரு பலகையைப் பிடுங்க இத்தனை தூரம் சுற்றியதில், எனக்கு வேலை போனதில், அது பிடுங்கப்பட்ட காரணத்தில்.

“அப்ப அந்த ஹீட்டர்?” என்று கேட்டேன்.

“அதுக்கு வேற ஒரு கெஸ்ட்டப் புடிங்க” என்றார் அக்கா.